பவர்பாயின்ட் ஸ்லைடுகளைப் பிறர் மாற்றாமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்பெடுப்பவர்கள், கருத்தரங்கில் பேசுபவர்கள், அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கை தயாரிப்பவர்கள் ஆகியோர் மீண்டும் மீண்டும் எழுப்பும் ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் பெரும்பாலும் விண்டோஸ் கணினியில் இயங்கும் பவர்பாயின்ட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் ஆகிய பிற ஸ்லைடு மென்பொருள்கள் தேவைப்படும் இடங்களில் மட்டும் வருகின்றன.

ஒரு பவர்பாயின்ட் கோப்பை யாருமே மாற்ற முடியாதபடி பூட்டிவிட முடியுமா?

பார்க்கக் கொடுத்துவிட்டு மாற்ற முடியாதபடி முழுமையாகப் பூட்டுவது இயலாது. திரையில் தெரிவதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்ள எவராலும் முடியும் என்பதால், எந்தப் பூட்டும் அந்த எல்லையோடு நின்றுவிடும். யாரும் திறக்கவே முடியாதபடி பூட்டலாம். அல்லது, திறப்பவர் எளிதில் கைவைக்காதபடி தடை ஏற்படுத்தலாம். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை முதலில் பிரித்துக்கொண்டால், பவர்பாயின்ட்டில் இருக்கும் வசதிகளில் எது நமக்கு உதவும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

என் ஸ்லைடுகளை யார், எதற்காக மாற்றப்போகிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கேட்பதற்கு முன்பே கடவுச்சொல்லைத் தேடிப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில், கெட்ட எண்ணத்தோடு ஸ்லைடுகளைத் திருத்தியவர்களைவிட, உதவி செய்கிறோம் என்று நினைத்துத் திருத்தியவர்களே மிகுதி.

ஒருமுறை பயிலரங்கு ஒன்றில் பேச அழைத்திருந்தார்கள். ஏற்பாட்டாளர் ஐந்து பேச்சாளர்களின் ஸ்லைடுகளையும் ஒரே கோப்பில் ஒட்டி வைத்திருந்தார். அப்படி ஒட்டும்போது, ஒட்டப்படும் கோப்பின் வண்ணத் தொகுப்பையே எடுத்துக்கொள்வது பவர்பாயின்ட்டின் இயல்பு. என் மூலக் கோப்பில் கருநீலப் பின்னணியும் வெள்ளை எழுத்தும் இருந்தன. அவருடைய கோப்பிலோ வெள்ளைப் பின்னணி. நான் தனியாக நிறம் கொடுத்திருந்த அட்டவணை எண்கள் வெள்ளையிலேயே நின்றுவிட, பின்னணி மட்டும் மாறிப்போனது. திரையில் கோடுகள் தெரிந்தன, எண்கள் தெரியவில்லை. அவர் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. ஒட்டும் இடத்தில் வலது சொடுக்கு செய்து, மூல வடிவமைப்பை அப்படியே வைத்திருக்கும் 'கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்' என்பதைத் தேர்ந்திருந்தால் போதும். அன்று முதல், கோப்பை அனுப்பும் மின்னஞ்சலிலேயே இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். எந்தக் கடவுச்சொல்லையும்விட அது அதிகம் உதவியிருக்கிறது.

'மார்க் ஆஸ் ஃபைனல்' என்பதைத் தேர்ந்தால் கோப்பு பாதுகாப்பாகிவிடுமா?

ஆகாது. 'ஃபைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் பிரசன்டேஷன்' என்று போனால் கிடைக்கும் இந்த வசதி, கோப்பு இறுதி வடிவத்தில் இருக்கிறது என்று அறிவிக்கும் பலகை மட்டுமே. திறப்பவருக்கு மேலே மஞ்சள் பட்டை ஒன்று தெரியும். அதிலேயே 'எடிட் எனிவே' என்ற பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாவற்றையும் திருத்தலாம். 'ஆல்வேஸ் ஓப்பன் ரீட்-ஒன்லி' என்பதும் இதே இனம்தான். கை தவறி ஒரு பெட்டி நகர்ந்துவிடுவதைத் தடுக்க இரண்டும் நல்லவை; அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

திறப்பதற்கான கடவுச்சொல், மாற்றுவதற்கான கடவுச்சொல் என இரண்டு இருக்கின்றனவே, இவற்றுக்கு என்ன வேறுபாடு?

பெரும்பாலானவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

திறப்பதற்கான கடவுச்சொல்லை 'புரொடெக்ட் பிரசன்டேஷன்' பட்டியலில் உள்ள 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' மூலம் இடுகிறோம். இது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் என்கிரிப்ட் செய்கிறது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத மறைகுறியாக மாற்றுகிறது. ஆபீஸ் 2007 முதல் இதற்கு ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறை பயன்படுகிறது. இன்றைய பதிப்புகளில் சாவியின் நீளம் இயல்பாகவே 256 பிட். நீளமான, ஊகிக்க முடியாத கடவுச்சொல்லாக இருந்தால் இது மெய்யான பூட்டு. ஆனால் கடவுச்சொல்லைத் தெரிந்தவர் படிக்கவும் செய்யலாம், திருத்தவும் செய்யலாம். 'படிக்கலாம், ஆனால் திருத்தக் கூடாது' என்ற தேவைக்கு இது விடையில்லை.

அந்தத் தேவைக்காகவே மாற்றுவதற்கான கடவுச்சொல் இருக்கிறது. 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் 'சேவ்' பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள 'டூல்ஸ்' என்பதை அழுத்தி, 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் இரண்டு கடவுச்சொற்களுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வரும். இரண்டாவது கட்டத்தை மட்டும் நிரப்பினால், திறப்பவரிடம் பவர்பாயின்ட் கடவுச்சொல்லைக் கேட்கும். தெரியாதவர் 'ரீட் ஒன்லி' என்பதை அழுத்திப் படிக்கலாம், ஸ்லைடு ஷோவாக ஓட்டலாம். பாடக்குறிப்புகளை மாணவர்களுக்கோ சக ஊழியர்களுக்கோ கொடுக்கும்போது இது பெரும்பாலும் போதுமானது.

போதுமானது என்றேனே தவிர, வலுவானது என்று சொல்லவில்லை. இந்த இரண்டாவது கடவுச்சொல் கோப்பை என்கிரிப்ட் செய்வதில்லை. இன்றைய பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது உண்மையில் எக்ஸ்எம்எல் எனப்படும் எழுத்து வடிவக் கோப்புகள் பலவற்றைப் பொதிந்து வைத்த ஒரு ஜிப் மூட்டை. மாற்றக் கூடாது என்ற குறிப்பு அந்த மூட்டைக்குள் ஒரு வரியாக இருக்கிறது, அவ்வளவுதான். மூட்டையைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு அந்த வரியை நீக்கவும் தெரியும். அலுவலகத்தில் எழுதாத மரபாக ஒரு மேசை இழுப்பறையை யாரும் திறக்காமல் இருப்பார்களே, அந்த அளவுக்கான பாதுகாப்பு இது.

கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீட்க முடியுமா?

திறப்பதற்கான கடவுச்சொல் என்றால், மீட்டுத்தர மைக்ரோசாஃப்டாலும் முடியாது. ஆகவே கடவுச்சொல் இடுவதற்கு முன், அது இல்லாத மூலப் பிரதி ஒன்றை உங்களுக்கு மட்டும் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கணக்கில் கொள்ளப்படும். தமிழில் கடவுச்சொல் வைக்கும் ஆசை சிலருக்கு உண்டு. அரங்கில் இருக்கும் கணினியில் தமிழ் விசைப்பலகை நிறுவப்பட்டிருக்காவிட்டால் தலைப்பு ஸ்லைடைக்கூடக் காட்ட முடியாமல் நிற்க நேரும்.

எக்செலில் ஒரு தாளை மட்டும் பூட்டுவதுபோல, ஒரே ஒரு ஸ்லைடை மட்டும் பூட்ட முடியுமா?

முடியாது. தனி ஸ்லைடுக்குக் கடவுச்சொல் இடும் வசதி பவர்பாயின்ட்டில் இல்லை. இருப்பவை இரண்டு மாற்று வழிகள்.

ஒன்று, நிறுவனச் சின்னம், அடிக்குறிப்பு, எச்சரிக்கை வாசகம் போன்று மாறக் கூடாதவற்றை ஸ்லைடில் வைக்காமல் 'ஸ்லைடு மாஸ்டர்' பகுதியில் வைப்பது. 'வியூ' பட்டையில் 'ஸ்லைடு மாஸ்டர்' என்பதைத் திறந்து அங்கே வைத்துவிட்டால், வழக்கமான பார்வையில் அதன்மேல் எத்தனை முறை சொடுக்கினாலும் அது தேர்வாகாது. பல அலுவலகங்களில் சின்னம் ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு இழை இடம் மாறி மாறி இருப்பதற்குக் காரணம், அதை மாஸ்டரில் வைக்காமல் ஸ்லைடு ஸ்லைடாக ஒட்டியதுதான்.

இரண்டு, மைக்ரோசாஃப்ட் 365 உள்ளிட்ட புதிய பதிப்புகளில் படத்தின்மீதோ பெட்டியின்மீதோ வலது சொடுக்கு செய்து 'லாக்' என்பதைத் தேர்வது. அதன்பின் அதை நகர்த்தவோ அளவு மாற்றவோ முடியாது. ஆனால் அதே பட்டியலில் 'அன்லாக்' என்பதும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதை அழுத்தலாம். கை தவறி நகர்ந்துவிடாமல் இருக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பைப் பிபிஎஸ்எக்ஸ் ஆகச் சேமித்தால் திருத்த முடியாது என்கிறார்களே?

தவறான நம்பிக்கை. பிபிஎஸ்எக்ஸ் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் நேராக ஸ்லைடு ஷோ ஓடத் தொடங்கும் என்பது மட்டுமே உண்மை. பவர்பாயின்ட்டை முதலில் திறந்து, அதன் வழியே அதே கோப்பைத் திறந்தால் எல்லாம் திருத்தக்கூடிய நிலையில் வரும்.

பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புவதுதான் நல்லதா?

படிப்பதற்கு மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால், ஆம், முதலில் நினைக்க வேண்டியது பிடிஎஃப்தான். எழுத்துரு இடம் மாறாது, வரிகள் சிதறாது, கைபேசியிலும் அப்படியே திறக்கும். அனிமேஷன் மறைந்துவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரே ஸ்லைடில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும்படி நான்கு படங்களை அடுக்கியிருந்தால், பிடிஎஃப் பக்கத்தில் அவை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அனுப்புவதற்கு முன் அப்படிப்பட்ட ஸ்லைடை நான்காகப் பிரித்துவிடுவது நல்லது.

பிடிஎஃப் திருத்த முடியாத வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. வேர்ட் 2013 முதலே பிடிஎஃப் கோப்பைத் திறந்து திருத்தக்கூடிய ஆவணமாக மாற்றித் தருகிறது. வடிவமைப்பு குலையும், ஆனால் சொற்கள் கிடைத்துவிடும். பிடிஎஃபிலும் இரண்டு வகைக் கடவுச்சொற்கள் உண்டு. திறப்பதற்கான கடவுச்சொல் உள்ளடக்கத்தை என்கிரிப்ட் செய்து, தெரியாதவர் படிக்கவே முடியாமல் செய்கிறது. நகலெடுக்கவும் திருத்தவும் அச்சிடவும் தடை விதிக்கும் அனுமதிக் கடவுச்சொல், திறக்கும் மென்பொருள் அந்தத் தடையை மதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் நிற்கிறது. மதிக்காத மென்பொருள்களும் இருக்கின்றன. இந்தத் தடைகளை இடுவதற்குக் கட்டண மென்பொருள் எதுவும் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸில் ஸ்லைடுகளைத் திறந்து, 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' பெட்டியின் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போனால் இரண்டு கடவுச்சொற்களையும் அங்கேயே இடலாம்.

ஸ்லைடுகளைப் படமாகவோ காணொளியாகவோ மாற்றுவது எப்படி இருக்கும்?

'சேவ் ஆஸ்' பட்டியலில் 'பவர்பாயின்ட் பிக்சர் பிரசன்டேஷன்' என்றொரு வகை இருக்கிறது. அதைத் தேர்ந்தால் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே படமாக உறைந்த புதிய கோப்பு கிடைக்கும். ஓர் எண்ணையோ எழுத்தையோ மட்டும் தொட்டுத் திருத்த முடியாது. ஒருவர் கோப்பைப் பவர்பாயின்ட் வடிவத்தில்தான் வேண்டும் என்று வற்புறுத்தும்போது, என்னைக் கேட்டால் இதுவே சிறந்த வழி. குறை என்னவென்றால், சொல்லைத் தேட முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்காது. வகுப்பில் அப்படிப்பட்ட மாணவர் ஒருவர் இருந்தாலும் இந்த முறையைக் கைவிட்டு, வேறு வழியைப் பார்க்க வேண்டும்.

அனிமேஷனும் குரலும் முக்கியம் என்றால் 'எக்ஸ்போர்ட்' பட்டியலில் உள்ள 'கிரியேட் எ வீடியோ' மூலம் எம்பி4 காணொளியாக்கலாம்.

தமிழ் எழுத்துருவுக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, தமிழில் ஸ்லைடு தயாரிப்பவர்கள் எளிதில் கவனிக்கத் தவறும் இடம் இது. பாமினி போன்ற பழைய, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஸ்லைடை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் விசையில் இருப்பதால், பல சொற்களின் நடுவிலும் அரைப்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இதைப் பார்க்கும் ஏற்பாட்டாளர் என்ன செய்வார்? தலைப்பையாவது தமிழில் மறுபடி தட்டச்சு செய்து வைப்பார். அதில் பிழை வரும். திருத்தியது அவர் என்றாலும், திருத்த வைத்தது நம் எழுத்துரு.

யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நிர்மலா யூஐ இன்றைய விண்டோஸுடனேயே வருகிறது. வேறு அழகான எழுத்துரு வேண்டுமென்றால் அதைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடலாம். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்ற இடத்தில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' என்பதைத் தேர்ந்தால் கீழே இரண்டு தெரிவுகள் வரும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பொதிவது ஒன்று. எல்லா எழுத்துகளையும் பொதிவது மற்றொன்று. பிறர் திருத்த வேண்டாம் என்பவர்கள் முதலாவதைத் தேர்வது நல்லது: கோப்பும் சிறிதாகும், புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்க முயல்பவருக்கு எல்லா எழுத்துகளும் அந்த எழுத்துருவில் கிடைக்கவும் மாட்டா. பொதிய அனுமதிக்காத எழுத்துருக்களும் உண்டு; ஆகவே வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கூகுள் ஸ்லைட்ஸில் என்ன செய்யலாம்?

அங்கே கோப்பைக் கொடுப்பதில்லை, அனுமதியைத்தான் கொடுக்கிறோம். 'வியூவர்' என்றால் பார்க்கலாம், 'கமென்டர்' என்றால் கருத்து எழுதலாம், 'எடிட்டர்' என்றால் திருத்தலாம். இணைப்பைப் பகிரும்போது பொதுவாக 'வியூவர்' என்பதையே வைத்திருங்கள். பகிரும் பெட்டியின் மேல் மூலையில் உள்ள பற்சக்கரக் குறியை அழுத்தினால் மேலும் இரண்டு கட்டுப்பாடுகள் கிடைக்கும். எடிட்டர்கள் பிறருக்கு அனுமதி வழங்குவதைத் தடுப்பது ஒன்று. பார்ப்பவர்கள் பதிவிறக்கவும் அச்சிடவும் நகலெடுக்கவும் உள்ள வாய்ப்பை மறைப்பது மற்றொன்று. அந்த வாய்ப்பை மறைக்காமல் விட்டால், 'வியூவர்' ஆனவர் தமக்கென ஒரு நகலெடுத்து அதை விருப்பம்போல் திருத்திக்கொள்ளலாம். உங்கள் மூலம் மாறாது என்பது மட்டும்தான் ஆறுதல். மறைத்தாலும் திரையைப் படமெடுப்பதைத் தடுக்க முடியாது.

குழுவாகச் சேர்ந்து தயாரிக்கும் கோப்பில் யார் எதை மாற்றினார்கள் என்று எப்படி அறிவது?

சேர்ந்து வேலை செய்யும் கோப்பைப் பூட்ட முயல்வதில் பொருளில்லை. கடவுச்சொல் கொண்டு என்கிரிப்ட் செய்த பவர்பாயின்ட் கோப்பில் பலர் ஒரே நேரத்தில் பணியாற்றவும் முடியாது. அங்கே நமக்கு உதவுவது பதிப்பு வரலாறு. கூகுள் ஸ்லைட்ஸிலும், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் உள்ள பவர்பாயின்ட் கோப்பிலும் 'வெர்ஷன் ஹிஸ்டரி' மூலம் பழைய நிலைக்குத் திரும்பலாம். மின்னஞ்சலில் போய்வந்த கோப்பு என்றால், உங்கள் மூலப் பிரதியைத் திறந்து, 'ரிவியூ' பட்டையில் 'கம்பேர்' என்பதை அழுத்தி, திரும்பி வந்த பிரதியைக் காட்டுங்கள். எந்த ஸ்லைடில் எந்த வரி மாறியது என்பதை அது பட்டியலிடும். ஏற்பதை ஏற்று, வேண்டாததை விட்டுவிடலாம். மூலப் பிரதி உங்களிடம் இருந்தால்தான் இது நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பை அனுப்பும்போது நான் அறியாமல் வெளியே போகக்கூடியவை எவை?

மாற்றுவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்லைடின் கீழே எழுதி வைத்த பேச்சுக் குறிப்புகள், நீக்க மறந்த கருத்துகள், ஸ்லைடின் ஓரத்துக்கு வெளியே தள்ளி வைத்த படங்கள், உங்கள் பெயர் எல்லாம் கோப்போடு போகும். 'இன்ஃபோ' பக்கத்தில் 'செக் ஃபார் இஷ்யூஸ்' என்பதன் கீழுள்ள 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்து நீக்கித் தரும். நகலில் மட்டும் செய்யுங்கள். நீக்கிய குறிப்புகள் திரும்பி வராமல் போகலாம்.

இதைவிட ஆபத்தானது எக்செல் வரைபடம். ஒரு சின்ன வட்ட வரைபடத்தை எக்செலிலிருந்து நகலெடுத்து, பணிப்புத்தகத்தைப் பொதியும் தெரிவில் ஸ்லைடில் ஒட்டினால், அந்த எக்செல் கோப்பு முழுவதும் ஸ்லைடுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வரைபடத்தின்மீது வலது சொடுக்கு செய்து 'எடிட் டேட்டா' என்பதை அழுத்துபவருக்கு, நீங்கள் காட்ட நினைத்த நான்கு எண்களோடு மற்றத் தாள்களில் இருக்கும் ஊதியப் பட்டியலும் தெரியலாம். வெளியாருக்குப் போகும் ஸ்லைடில் வரைபடத்தைப் படமாகவே ஒட்டுங்கள்.

என் ஸ்லைடை மாற்றித் தன் பெயரில் பயன்படுத்தினால் சட்டம் உதவுமா?

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். ஸ்லைடில் நீங்களே எழுதிய வாசகமும் வரைந்த படமும் படைப்புகளே. உரிமை பெறப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைத்தவர் என்று உரிமை கோரவும், தம் மதிப்புக்குக் குந்தகம் விளையும்படி படைப்பைத் திரிப்பதை எதிர்க்கவும் ஆசிரியருக்கு உரிமை அளிக்கிறது. ஆனால் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதற்கு முதல் உரிமையாளர் முதலாளியே. அலுவலகத்துக்காகத் தயாரித்த ஸ்லைடை மேலாளர் திருத்துகிறார் என்று குறைபடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கோப்பு நீங்கள் முடித்த நிலையிலேயே இருக்கிறது என்று காட்ட டிஜிட்டல் கையொப்பம் இடலாம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதை அங்கீகரிக்கிறது. உரிமம் பெற்ற சான்றளிக்கும் அமைப்பிடமிருந்து சான்றிதழ் பெற வேண்டும். கையொப்பமிட்ட கோப்பை ஒருவர் திருத்திச் சேமித்தால் கையொப்பம் நீங்கிவிடும். திருத்துவதை அது தடுக்காது. திருத்தப்பட்டதை மறைக்க விடாது.

அரங்கில் உள்ள கணினியில் ஸ்லைடை ஏற்றிவிட்டு வர வேண்டியிருக்கிறது. அங்கே என்ன செய்வது?

பேசி முடித்தபின் கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடுவதுதான் பலரும் கவனிக்காத ஓட்டை. பென் டிரைவிலிருந்து நேராகத் திறந்து காட்டுங்கள். வேகம் போதாமல் கணினியில் நகலெடுக்க நேர்ந்தால், முடிந்ததும் நீக்கிவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பென் டிரைவில் மூன்று கோப்புகள் இருக்கட்டும்: மாற்றுவதற்குக் கடவுச்சொல் இட்ட பவர்பாயின்ட், அது திறக்காவிட்டால் காட்டப் பிடிஎஃப், கேட்பவர்களுக்குக் கொடுக்க ஊதியப் பட்டியலும் பேச்சுக் குறிப்பும் இல்லாத இன்னொரு பிடிஎஃப். மூலக் கோப்பை அந்தப் பென் டிரைவில் வைக்காதீர்கள். கூட்டம் முடிந்த அவசரத்தில், மேசையின் பின்புறம் செருகிய அதை எடுக்க மறந்து பேருந்து ஏறியவர்களில் நானும் ஒருவன்.